துண்டுத்துணியில் தையல் பழகியவர்கள், பழக்கியவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மூடுபனி (குன்னூர்)

சனிக்கிழமை மத்தியானங்களில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன், 12 வருஷம் ஆகிறது. எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே ஒரு அறை, காலால் மிதிக்கிற மெஷின் மூன்று, ஒரு நீளப் பெஞ்சு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் வருகிறவர்களிடம் ஒரு மீட்டர் புதுத் துணி வாங்கிவரச் சொல்லித்தான் பாடம் தொடங்குவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அந்த வழக்கத்தை விடவைத்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

அவருக்கு 58 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பேத்திக்குப் பாவாடை தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தார். சாக்பீஸில் கோடு போட்டுக் கத்தரியைக் கையில் கொடுத்தேன். கோட்டின் மேல் கத்தரியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், வெட்டவே இல்லை. "தப்பா வெட்டிட்டா மறுபடி ஒட்டாதே கண்ணு" என்றார். அந்தத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பஜாரில் எனக்குத் தெரிந்த டெய்லர் கடையில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, "இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுங்கம்மா" என்றேன். தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தன, நகத்தோரம் வெடித்துக் காய்த்துப் போயிருந்தது. அந்த விரல்களுக்கு நடுவில் துணியை ஒரு தடவை உரசிவிட்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார், முற்றின இலையைத் தள்ளிவிட்டுக் கொழுந்தை மட்டும் எடுக்கிற வேகத்தில். பருத்தி எது, பாலியெஸ்டர் எது என்று நான் ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்துத்தான் சொல்வேன் (பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணி மாதிரி உருண்டுகொள்ளும்). அவர் பிரித்ததில் ஐந்தாறு துண்டுகளைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

துண்டுகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதற்காக, அட்டைப்பெட்டியில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக் கொடுத்தேன். அதை வைத்துக் கோடு போட்டு வெட்டச் சொன்னதும் சட்டென்று வெட்டினார். முதல் துண்டு கோணல், தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார். அந்தச் சாக்கில் எந்தத் துண்டுக்கும் அவர் காசு கொடுக்கவில்லை, கெட்டுப்போனாலும் கேட்க ஆளில்லை. கை நடுக்கம் அங்கேயே போய்விட்டது. அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது சதுரத்துக்கு மேல் வெட்டியிருப்பார்.

மெஷினுக்கு வந்தபோது பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காலை மட்டும் முதலில் பழக வைத்தேன். பிறகு பெல்ட்டை மாட்டி, நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத்தாளில் ஊசிக் குத்து. சக்கரம் நம் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் நூல் சிக்கிக்கொள்ளும், அது காலுக்குப் பழக இரண்டு சனிக்கிழமை ஆனது.

நான் அதிகம் திணறியது இணைப்பில்தான். ஒட்டுத்துணிப் போர்வைக்குத் தையல் ஓரம் (துணி ஓரத்திலிருந்து தையல் வரை விடுகிற இடம்) கால் அங்குலம், டெய்லர் கணக்கில் 2 நூல், அங்குலத்துக்கு 8 நூல். சட்டையில் ஒரு நூல் கூடக்குறைய வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். இதில் முடியாது. 3 நூல் விட்டுத் தைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டிலும் சேர்த்துக் கால் அங்குலம் போய்விடும். ஒரு வரிசையில் 12 சதுரம் என்றால் 11 இணைப்பு, ஆகமொத்தம் இரண்டே முக்கால் அங்குலம் காணாமல் போகும், பக்கத்து வரிசையோடு சேராது. அவருக்கும் அப்படியே நடந்தது. இரண்டு வரிசையைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஊசியிலிருந்து 2 நூல் தள்ளி மெஷின் தட்டின் மேல் ஒட்டினேன். "துணியோட ஓரம் இதை உரசிக்கிட்டே போகணும், ஊசியைப் பார்க்காதீங்க, பிளாஸ்டரைப் பாருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் தைத்த எந்த வரிசையும் பிசகவில்லை. இப்போது புதிதாக யார் வந்தாலும் சாக்கில் கையை விடுவதுதான் என் அறையில் முதல் பாடம்.

கட்டபெட்டு (கோத்தகிரி)

அக்கா, அந்த "மறுபடி ஒட்டாதே" என்ற வார்த்தையை என் பாட்டியும் சொல்வார். நாங்கள் படுகர். பாட்டி கட்டியது எப்போதும் வெள்ளை முண்டுதான். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போவதற்கென்று ஒன்றைத் தனியாக மடித்து வைத்திருப்பார். அவர் போன பிறகு பழைய முண்டுகளைச் சதுரமாக வெட்டி, நடுநடுவே என் கல்யாணப் புடவையோடு வந்த சிவப்பு ரவிக்கைத் துணியைச் சேர்த்து ஒரு போர்வை தைத்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, படம் பார்த்துத்தான் தைத்தேன்.

முதல் தடவை தண்ணீரில் நனைத்ததும் சிவப்பு இறங்கி வெள்ளையெல்லாம் ரோஸ். கல்லுப்பு போட்டு ஊறவைத்தேன், நிற்கவில்லை. மூன்று நாள் அழுதேன், வேறு துணியாக இருந்திருந்தால் அவ்வளவு இருந்திருக்காது. வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிறத்தையும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துண்டே வேண்டாம். பருத்தி முதல் அலசலில் சுருங்கும் என்பதால் எல்லாத் துண்டையும் அலசி, காய்ந்ததும் இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இங்கே நவம்பர் மழையில் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் துணி காயாது, பூசண வாடை ஏறிவிடும். ஆகையால் இந்த வேலையை பிப்ரவரி, மார்ச் வெயிலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

வெட்டுத்துணிக்காரர் (கொடைக்கானல்)

நான் டெய்லர். 24 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். வெட்டுத்துணியை மூட்டை கட்டி மெக்கானிக் ஷெட்டுக்குக் கொடுத்துவிடுவேன், கிரீஸ் துடைக்க. நாலு வருஷம் முன்னால் ஒரு டீச்சர் வந்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தருகிறேன், அந்த மூட்டை வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன். ஒரு மாசம் கழித்து ஒரு சின்னப் போர்வையைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, "அண்ணா, ஏன் இப்படி அலை அலையா நிக்குது?" என்று கேட்டார். பிள்ளைகளின் தையல் நேராகத்தான் இருந்தது, அளவும் சரி, ஆனாலும் தட்டையாகப் படுக்கவில்லை.

ஒரு துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. கடையில் மிஞ்சுகிற துண்டு பெரும்பாலும் கைக்குழியிலும் கழுத்திலும் வெட்டி எடுத்தது. அதில் பார்வைக்கு நேராக இருக்கிற ஓரம் துணி நெய்த நூலுக்கு நேராக இருக்காது, கிராஸில், அதாவது சாய்வாக இருக்கும். கிராஸ் துணி ரப்பர் மாதிரி இழுபடும். நேர் நூல் துண்டும் கிராஸ் துண்டும் சேர்ந்தால் ஒன்று நிற்கும், ஒன்று நீளும், நடுவில் புடைக்கும். டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவிக் காட்டினேன். இழை போன இடத்தில் ஒரு மெல்லிய சந்து தெரியும், அதன் மேலேயே வெட்டினால் நேர் நூல். அன்றைக்குக் கடையை மூட ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது.

அப்புறம் மூட்டையை நானே பிரித்துக் கட்ட ஆரம்பித்தேன். டூ பை டூ ரவிக்கைத் துணி, பாப்லின், லைனிங் துணி ஒரு பை. இவை தைக்கச் சுலபம், மடித்த இடத்தில் நிற்கும். ஜூன் மாசத்து யூனிஃபார்ம் டெரிகாட்டன் தனி. அதைக் கால்மிதிக்கும் பைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன், போர்வைக்குக் கனம். ஜார்ஜெட்டும் ஷிஃபானும் புதுசாகத் தைப்பவர்கள் கையில் வழுக்கும், கொடுக்கவே வேண்டாம்.

குன்னூர் அக்காவுக்கு ஒரு வார்த்தை: மலையில் மெஷினுக்கு எண்ணெய் விட மறக்காதீர்கள், விட்டபின் ஒரு வேஸ்ட் துணியில் நாலு வரி ஓட்டிவிடுங்கள். இங்கே பனி இறங்குகிற மாசங்களில் ஊசித்தட்டில் துரு பிடித்து, வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக ஏறுகிறது, அந்தக் கறை போவதே இல்லை.

நாலிழை (ஊட்டி)

நான் பழகியவள். எனக்கு மெஷின் ராசியில்லை, கையால்தான். எங்கள் பக்கத்து மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றைச் சேர்ந்த தோடர் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல் கொண்டு அவர்கள் போடுகிற பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டி துணியில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. இழையை எண்ணித்தான் ஊசியை இறக்குவார். ஓட்டுத்தையல் கோணலாகப் போகிறதே என்று என் போர்வைத் துண்டைக் காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு "எண்ணு" என்றார். நாலு இழை மேலே, நாலு இழை கீழே. கண் வலிக்கும், ஆனால் முரட்டுப் பருத்தியில் ஒரு வாரம் அப்படிப் பழகியபின் எண்ணாமலே நேராகப் போகிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஜன்னல் திரைத் துணி மாதிரி இழை தெரிகிற துணியைக் கொடுத்து எண்ணச் சொல்லிப் பாருங்கள்.

தேவாலா மழை (கூடலூர்)

எங்கள் அம்மா சிலோனிலிருந்து வந்தவர். 1964இல் இந்தியாவும் சிலோனும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், அதன்படி தாயகம் திரும்பியவர்களுக்காக இங்கே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், இன்றைக்கு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). அம்மா 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கூடலூர் வந்து சேர்ந்தார். கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை இருந்தது. கீழே பழைய சேலை, மேலே கிழிந்த கவுன், சட்டை, சாரம் (லுங்கி) எல்லாவற்றிலிருந்தும் துண்டு. பஞ்சு கிடையாது, நடுவில் இன்னொரு மடிப்புச் சேலைதான். முழுக்க ஓட்டுத்தையல். எந்தத் துண்டு யாருடைய சட்டை என்று அம்மா தொட்டுத் தொட்டுச் சொல்வார், அதில் இரண்டு பேர் அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

நான் மகளிர் குழுவில் 15 பேருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது கடையில் பஞ்சு ஷீட் வாங்கி நடுவில் வைத்துத் தைக்க வைத்தேன். பார்க்க உப்பலாக அழகாக இருந்தது. ஜூன் பிறந்ததும் இந்த ஊர் மழையில் ஒருவருக்கும் அதைத் துவைத்துக் காயவைக்க முடியவில்லை. அம்மாவின் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு எல்லாருக்கும் சேலை மடிப்புதான்.

வேலை விஷயமாகக் கர்நாடகாவில் எல்லாப்பூர் போனபோது, உத்தர கன்னடா மாவட்டம், அங்கே சித்தி இனத்து (ஆப்பிரிக்க வம்சாவளி) பெண்கள் "கவந்தி" என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதைப் பார்த்தேன். அவர்களும் பஞ்சு வைப்பதில்லை. அடியில் சேலையை விரித்து, துண்டுகளை முன்கூட்டி இணைக்காமல், ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகிறார்கள். துண்டு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, மடித்து வைத்துத் தைத்துவிடலாம். அளவெடுத்து வெட்டப் பயப்படுகிறவர்களுக்கு இப்போது அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். போன மாசம் எழுபது வயதுக்காரர் ஒருவர், அளவுகோல் பிடிக்கத் தெரியாதவர், இப்படி ஒரு தொட்டில் விரிப்பு முடித்தார்.

மூடுபனி (குன்னூர்)

எல்லாருக்கும் நன்றி. கொடைக்கானல் அண்ணா சொன்ன இழை உருவுகிற விஷயத்தை இந்தச் சனிக்கிழமையே காட்டப் போகிறேன், என் அறையிலும் ஒரு விரிப்பு அலையடித்துக்கொண்டு கிடக்கிறது, இத்தனை நாளாகத் தையலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவின் போர்வையை யாராவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். 12க்கு 16, மொத்தம் 192 சதுரம், நாலரை அடிக்கு ஆறடி. மேல்பாகம் முடிந்துவிட்டது. பிசகிப்போன அந்த இரண்டு வரிசையைப் பிரித்துத் தருகிறேன் என்றேன், விடவில்லை, அவற்றையே நான்காக மடித்துத் தலையணை உறையாக்கிக்கொண்டார். பாவாடைக்கு வாங்கிய அந்த ஒரு மீட்டர் துணியைப் போன வாரம் பையிலிருந்து எடுத்து, சாக்பீஸ் கேட்டார்.