எந்த ஆழத்தில் எந்த நிற லூர்: மனசை விட்டுப் போகாத மீன் எது?

செந்தூல் கேஸ்டிங்

மூன்று வாரம் ஆகிறது, அந்த மீனின் கண் இன்னும் என்னை விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை. எந்தக் குட்டை என்று சொல்லத் தேவையில்லை, இங்கே பாதிப் பேர் போயிருப்பீர்கள். பத்து நாளாக மழை இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. காலை எட்டு மணி இருக்கும். சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு மினோ (பொடிமீன் வடிவ லூர், அதாவது போலி இரை), எல்லார் பெட்டியிலும் ஒன்று கிடக்குமே, அதேதான் போட்டிருந்தேன்.

மூன்றாவது வீச்சிலேயே ராஜா (பீக்காக் பாஸ்) ஒன்று அடியிலிருந்து எழுந்து வந்தது. மூன்று கிலோவுக்குக் குறையாது. லூருக்கு ஓர் அடி பின்னால், என் காலிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில், அப்படியே நின்றது. நான் சுழற்றுவதை நிறுத்தினேன், அதுவும் நின்றது. பக்கத் துடுப்பு மட்டும் அசைகிறது, சிவந்த கண் லூரையே பார்க்கிறது. நான் லேசாக ஒரு தட்டு தட்டினேன். அவ்வளவுதான், மெதுவாகத் திரும்பி, அவசரமே இல்லாமல் பச்சைக்குள் இறங்கிப் போய்விட்டது. இப்படி நாலு தடவை வந்தது, நாலு தடவையும் அதே இடத்தில் நின்று திரும்பியது.

பக்கத்து முனையில் ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்). அவர் வீசிவிட்டு உடனே சுழற்றவில்லை. வாய்விட்டு, சத்து, டுவா என்று எட்டு வரை எண்ணினார். இரண்டாவது இழுப்பில் கோல் வளைந்தது. அவருடைய லூரைப் போய்ப் பார்த்தேன்: முதுகு கரும்பச்சை, பக்கம் மங்கிய வெள்ளி, குட்டையில் ஓடும் பொடிமீன் மாதிரியே இருந்தது. நிறம்தான் காரணமா பாக்சிக் என்று கேட்டேன். "டாலாம், டாலாம்" என்று தண்ணீரைக் காட்டினார். ஆழம் என்கிறார். என் லூர் ஒரு மீட்டருக்குக் கீழே போகாத மிதவை வகை. அப்படியென்றால் அந்த மீன் என் நிறத்தைப் பார்த்துத் திரும்பியதா, அவ்வளவு தூரம் ஏறி வர விருப்பமில்லாமல் திரும்பியதா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தஞ்சோங் தோக்கோங்

மீன் கதை இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது. நான் டைவிங்கும் போவேன். பெர்ஹெந்தியான் தீவுக் கடலில் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது பாறையில் ஒட்டியிருந்த சிப்பி விரலைக் கிழித்துவிட்டது. விரலிலிருந்து கரும்பச்சையாக ஏதோ புகை மாதிரி கிளம்புகிறது, எனக்கு ஒரு விநாடி என்னவென்றே புரியவில்லை. கூட வந்தவர் டார்ச்சை அடித்தார். அதே புகை பளிச்சென்று ரத்தச் சிவப்பாக மாறியது. அவர் டார்ச்சை நகர்த்தியதும் மறுபடியும் கரும்பச்சை.

தெளிந்த நீரில் சிவப்பு ஒளிதான் முதலில் உறிஞ்சப்படுகிறது. ஐந்து மீட்டரிலேயே நன்றாக மங்கிவிடும், பத்தைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசிவரை போவது பச்சையும் நீலமும். அன்றைக்குக் கரைக்கு வந்ததும் என் ஜிக் (அடிவரை மூழ்கும் லூர்) பெட்டியைத் திறந்து பார்த்தேன், பாதிக்கு மேல் சிவப்பு. இத்தனை வருடமும் கீழே இருக்கிற மீனுக்குச் சாம்பல் நிறத் துண்டைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆழத்துக்குச் சிவப்பு வேண்டாம், இது என் முடிவு.

ரவாங் தூண்டில்

மேலே டைவிங் சொன்ன நண்பரே, உங்கள் விரல் உண்மை, ஆனால் அது பெர்ஹெந்தியான் தண்ணீருக்கு உண்மை. அதைக் கொண்டுவந்து நம் குட்டைக்கும் கால்வாய்க்கும் சட்டமாக்காதீர்கள். வட சிலாங்கூர் பீட் காட்டுக் கால்வாயில் தண்ணீர் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறம். அங்கே ஒரு காலை முழுக்க நீலமும் வெள்ளியும் கலந்த ஸ்பின்னர் வீசி ஒரு தட்டுகூட இல்லை. ஆரஞ்சுக்கு மாற்றிய இரண்டாவது வீச்சில் விரால் அடித்தது, அடித்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த ரொட்டி தண்ணீரில் விழுந்தது. மக்கிய இலையும் மரமும் கரைந்த தண்ணீர் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். அங்கே மிச்சமிருக்கிற வெளிச்சமே மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்தான். அந்த வெளிச்சத்தில் நீல லூர் கறுப்பாகத் தெரியும், ஆரஞ்சு எரியும்.

செந்தூல் தம்பி, நீங்கள் கேட்டதற்கு மேலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு பெட்டியைத் திறங்கள். வெள்ளை லூர் ஒன்றை நரம்பில் கட்டிக் கீழே இறக்குங்கள், கண்ணிலிருந்து மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் தெரிந்தால் பொடிமீன் நிறங்கள், அதாவது பச்சை முதுகு, வெள்ளி, லேசான வெளிர் நிறம். அரை மீட்டரில் மறைந்துவிட்டால் சார்ட்ரூஸ் (பச்சை கலந்த பளிச் மஞ்சள்), ஃபயர் டைகர் (பளிச்சென்ற பச்சை, மஞ்சள், ஆரஞ்சில் கறுப்புக் கோடு), அல்லது முழுக் கறுப்பு. ஃப்ளோரசன்ட் பெயின்ட் வேறு சங்கதி. அது தன்மேல் விழும் நீல, பச்சை ஒளியை வாங்கித் தன் நிறத்தில் திருப்பி விடும், அதனால் சாதாரண ஆரஞ்சு செத்துப்போன ஆழத்திலும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு உயிரோடு இருக்கும். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், ஒரே மாதிரி தெரியும், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனை வைத்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அந்த மீனின் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புகள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. ஆனால் சார்ட்ரூஸையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது, நீலத்தையும் கறுப்பையும்கூட. நாம் இரண்டு லூருக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்கிறோம்! ஆனால் இதை அப்படியே நம் ராஜாவுக்குப் பொருத்தக்கூடாது. பெயரில்தான் பாஸ், இனத்தில் அது சிக்லிட், திலாப்பியாவுக்குச் சொந்தம், ஊர் அமேசான்.

தோமானுக்கு (விரால் இனத்துப் பெரிய மீன்) இந்தக் கணக்கே வேண்டாம். சிவந்த குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளிப்பதைப் பார்த்தால் நடுவில் எந்த நிறத் தவளை லூரைப் போட்டாலும் தாய் அடிக்கும்.

பட்டர்வொர்த் மகள்

ரவாங் அண்ணே, கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. குஞ்சுக் கூட்டத்தில் தவளை போட்டால் அடிக்கும்தான், பசியில் இல்லை, பிள்ளையைக் காக்க அடிக்கும். அந்தத் தோமானைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் சீக்கிரமே தின்று முடித்துவிடும். பிடித்தவர் ஒரு மீன் என்று எண்ணிக்கொள்வார். என் அப்பா அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் சம்பானைத் திருப்பச் சொல்லிவிடுவார்.

நான் எழுத வந்தது அவரைப் பற்றித்தான். எனக்குப் பன்னிரண்டு வயதில் தெமெங்கோர் ஏரிக்குக் கூட்டிப்போனார். அப்போது ஏரியின் அளவே எனக்குப் பயமாக இருந்தது, தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்து அதுதான் பெரியது என்று படகோட்டி சொன்னார். சாயங்காலம், செத்த மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தோம். அப்பா பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பாப்பரை (நீர்மேல் மிதக்கும் லூர்) எடுத்து, சட்டைப்பையிலிருந்த மார்க்கர் பேனாவால் அதன் வயிறு முழுக்கக் கறுப்பு பூசினார். அழகான லூரை ஏம்ப்பா கெடுக்கறீங்க என்று கேட்டேன். "கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு முதுகு எங்கம்மா தெரியும், வயிறுதானே தெரியும்" என்றார். வெளிச்சம் மங்கிய வானத்துக்கு எதிரே கறுப்புதான் எடுப்பாகத் தெரியும் என்று அப்புறம் விளக்கினார்.

தோமான் காற்றை வாங்க மேலே வந்தே ஆகவேண்டிய மீன், அதனால் இடம் காட்டிவிடும். தண்ணீரில் வளையம் விழுந்தது. வளையத்தின் மேல் வீசவில்லை, அது போகிற பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி வீசினார். தண்ணீர் பிளந்தது. அந்த நொடியில் நான் மீனைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைத்தான் பார்த்தேன், விரலில் மார்க்கர் கறை.

போன வருடம் அவர் தவறிவிட்டார். பெட்டி என்னிடம் இருக்கிறது. அந்தப் பாப்பரில் கறுப்பு பாதி போய்விட்டது, பல் பதிந்த தடம் இருக்கிறது. அதை மறுபடியும் கட்டி வீசலாமா, அப்படியே வைத்துவிடலாமா என்று தெரியவில்லை.

பத்து மாவுங் படகு

வீசுங்கள் தங்கச்சி. முள்ளையும் அதைக் கோத்த வளையத்தையும் மட்டும் புதிதாக மாற்றிவிட்டு வீசுங்கள், துருப்பிடித்த முள்ளோடு போய் மீனோடு அறுந்துவிடக்கூடாது.

அப்பா சொன்னது கடலுக்கும் பொருந்தும். பினாங்கு ஜெரெஜாக் தீவுப் பக்கம் ராத்திரியில் கொடுவாவுக்கு நான் ஒளிரும் ஜிக் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம் ஜலசந்தித் தண்ணீர் சேறு கலந்தது, பளபளப்பாக எதையாவது காட்டினால்தான் தெரியும் என்று நினைப்பு. ஒரு ராத்திரி ஒளிர்வதெல்லாம் அறுந்துபோய், மிச்சமிருந்த கருநீல ரப்பர் மீனை மேல்மட்டத்தில் விளக்கு நிழலின் ஓரமாக இழுத்தேன். மூன்று வீச்சில் இரண்டு கொடுவா. இருட்டில் கறுப்பு தெரியாது என்று யார் சொன்னது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். ஆனால் அடியில் இருக்கும் ஜெனாஹாக் மீனுக்கு இன்றும் ஒளிரும் ஜிக்தான் போடுகிறேன், கீழே வானமே இல்லை, நிழல் எங்கிருந்து வரும்?

செந்தூல் கேஸ்டிங்

எல்லாருக்கும் நன்றி. நேற்று அதே குட்டை, அதே முனை. ரவாங் அண்ணன் சொன்னபடி வெள்ளை லூரை இறக்கிப் பார்த்தேன், இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே தெரிந்தது. கரும்பச்சை முதுகு மூழ்கும் மினோவைப் போட்டு எட்டு எண்ணினேன். நாலாவது வீச்சில் அடி. ஒன்றரைக் கிலோ ராஜா, விட்டுவிட்டேன். சரி, நிறம்தான் என்று மனசு குளிர்ந்தது.

அப்புறம் சும்மா இருக்க முடியாமல், சிவப்புத் தலை வெள்ளை உடம்பிலேயே மூழ்கும் வகையை வாங்கிப் போயிருந்தேன், அதையும் எட்டு எண்ணி இழுத்தேன். அதுவும் அடி வாங்கியது! பாக்சிக் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெரிய மீன் ஒருமுறை இல்லை, நாலுமுறை மேலே ஏறி வந்ததே. ஏறி வர விருப்பமில்லாத மீன் நாலுமுறை வருமா? ஓர் அடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், அந்தச் சிவப்புத் தலையில் அது எதைப் பார்த்தது?

வரும் சனிக்கிழமை மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கியிருந்தால் மிதவையில் சார்ட்ரூஸும் கறுப்பு வயிறும் இரண்டையும் எடுத்துப் போகிறேன். கே.எல். பக்கத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காலை ஆறரைக்கு நான் அங்கே இருப்பேன்.