தை கடைசில மாடித்தோட்டத்துல என்ன விதைக்கலாம்?

மாடிக்காரன்_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடில குரோ பேக் ஒரு இருபது இருக்கு, கார்த்திகைல போட்ட முள்ளங்கி பீட்ரூட் எல்லாம் எடுத்தாச்சு, தக்காளியும் காய்ப்பு ஓயப்போகுது. இப்ப பை எல்லாம் காலியா கெடக்கு. காலைல இன்னும் பனி இருக்கு ஆனா பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுனு அடிக்குது, இந்த நேரத்துல எதைப் போட்டா வரும்? காலிஃபிளவர், கேரட் விதை மிச்சம் இருக்கு, அதைப் போடலாமா இல்ல வேஸ்ட்டா? ஆடிப்பட்டம்னா யாரைக் கேட்டாலும் சொல்றாங்க, தை மாசிக்கு ஒருத்தரும் தெளிவா சொல்ல மாட்டேங்கறாங்க. வீட்ல நாலு பேர், கீரை நெறய சாப்பிடுவோம்.

கீரைத்தட்டு:
சகோ, காலிஃபிளவர் கேரட் விதைய நல்லா மூடி கட்டி பிரிட்ஜ்ல வைங்க, புரட்டாசிக்கு எடுக்கலாம். இப்ப போட்டா முளைக்கும், செடியும் வரும், ஆனா பூ கட்ட வேண்டிய நேரம் பங்குனி ஆயிடும், அந்த வெயில்ல காலிஃபிளவர் கட்டாது. என்னைக்குமே இன்னிக்கு வெயில் எப்படின்னு பாக்காதீங்க, நாம விதைக்கற செடி பூக்கற அன்னிக்கு வெயில் எப்படி இருக்கும்னு பாருங்க, அதான் கணக்கு. தக்காளிக்கும் அதே கதைதான், சித்திரைல ராத்திரி சூடு கொறையாம இருந்தா பூ பூவா கொட்டும், காய் நிக்காது. தக்காளி வேணும்னா நாத்தா வாங்கி இந்த வாரமே நட்டுடுங்க, விதைல இருந்து ஆரம்பிக்க நேரம் தாண்டிடுச்சு.

தை மாசிக்குன்னே பொறந்த மாதிரி இருக்கறது வெண்டை, கொத்தவரை, கத்திரி, மிளகாய், வெள்ளரி, அப்புறம் கொடி வகை எல்லாம். பீர்க்கு, பாகல், புடலை, சுரை இதெல்லாம் இப்ப போட்டுடணும், தள்ளிப் போடவே கூடாது. ஏன்னா கொடில வெயில் கூடக்கூட ஆண் பூ ஜாஸ்தியாகும், பெண் பூ கொறையும், இந்தக் குளிர் மிச்சம் இருக்கும்போதே கொடி ஏறிடுச்சுன்னா பெண் பூ நல்லா வைக்கும். பாகல், பீர்க்கு விதை தோல் கெட்டி, ராத்திரி தண்ணில ஊற வச்சுட்டு காலைல போடுங்க. கொடிக்கு சின்ன பை வேணாம், பெயின்ட் பக்கெட் இல்ல பழைய டிரம் மாதிரி ஆழமா குடுங்க, சின்ன பைல வச்சா பங்குனில மத்தியானமே வாடி தொங்கும்.

கீரைக்கு ஆழம் வேண்டாம், அரை அடி போதும். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை மூணும் இந்த வெயில்ல பிச்சுக்கிட்டு வரும். விதைய காஞ்ச மணலோட கலந்து தூவுங்க, இல்லன்னா ஒரே எடத்துல கொத்தா விழும். தூவின அன்னிக்கே பையைச் சுத்தி கொஞ்சம் மஞ்சள்தூள் போடுங்க, எறும்பு ஒரே ராத்திரில விதைய இழுத்துட்டுப் போயிடும். எல்லாத்தையும் ஒரே நாள்ல தூவாம வாரம் ஒரு பைன்னு போட்டீங்கன்னா தினமும் கொழம்புக்கு கீரை இருக்கும்.

காங்கேயத்தான்:
அக்கா சொன்னது எல்லாமே சரிங்க, மண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிப்போடறனுங்க. தக்காளி புடுங்கறப்ப வேரை ஒருக்கா உத்துப் பாருங்க. சல்லி வேர்ல உருண்டை உருண்டையா முடிச்சு இருந்துச்சுன்னா அது நூற்புழுங்க, அந்த மண்ணுல கத்திரியோ மிளகாயோ வெக்கவே கூடாதுங்க, எல்லாம் ஒரே குடும்பம், நாத்து நட்டதும் ஏறிக்கும். அந்தப் பைல செண்டுமல்லி வெச்சு உடுங்க, பூவும் ஆச்சு புழுவும் கொறையும். வெண்டையும் அதுல வேண்டாங்க, அதுக்கும் நூற்புழு புடிக்கும்.

முடிச்சு இல்லாட்டியும் பழைய மண்ணை அப்படியே போடாதீங்க. கொட்டி தார்ப்பாய்ல பரப்பி நல்லா காய உடோணும், பழைய வேரெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து லேசா தண்ணி தெளிச்சு ஒரு வாரம் பத்து நாள் நெழல்ல வெச்சப்பறம் விதைங்க. புண்ணாக்கு போட்ட கையோட விதைச்சா அது புளிக்கற சூட்டுல விதை கெட்டுப்போயிருமுங்க.

வெண்டைல இந்தப் பட்டத்துக்கு தலைவலியே மஞ்சள் நரம்பு நோய்தான். வெள்ளை ஈதான் பரப்புது, வெயில் ஏற ஏற ஈயும் ஏறும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த அர்கா அனாமிகா அந்த நோயைத் தாங்கறதுக்குன்னே உட்ட ரகமுங்க, விதை வாங்கறப்ப கேட்டு வாங்குங்க. ஒரு செடில எலை நரம்பு மஞ்சளாச்சுன்னா மருந்தடிச்சுப் பாக்கலாம்னு வெச்சிருக்காதீங்க, அன்னிக்கே புடுங்கி அப்புறப்படுத்தோணும்.

தஞ்சாவூர்_பயறு:
ஒரு பையாவது உளுந்தும் பாசிப்பயறும் போடுங்களேன், யாரும் மாடில போடறதே இல்லை. எங்க பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நெல்லு நிக்கும்போதே வயல்ல உளுந்தும் பயறும் தெளிச்சு விட்டுடுவாங்க, உழவு கெடையாது தனியா தண்ணி கெடையாது, இருக்கற ஈரமும் பனியும் போதும், அறுத்து முடிச்சா கீழ பச்சையா முளைச்சு நிக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும் மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்றது இந்தப் பயிருக்கு வரம். காய் பறிச்சதும் செடிய மண்ணுல மடக்கி மூடிடுங்க, மண்ணுக்கு அவ்வளவு நல்லது. அவரை மட்டும் யோசிச்சு வாங்குங்க, பந்தல் அவரை பகல் சின்னதா இருந்தாத்தான் பூக்கும், இப்ப போட்டா கொடி மாடி பூரா ஓடும் ஆனா பூ வராது. குத்து அவரைன்னா தாராளமா போடலாம்.

கோத்தகிரி_காரன்:
மலைல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா இந்த லிஸ்ட்டை அப்படியே எடுத்துக்காதீங்க. எங்களுக்கு உறைபனி இன்னும் போகல, தண்ணி வசதி இருக்கற தோட்டத்துல இப்பதான் உருளைக்கிழங்கு போடறாங்க, கேரட், பட்டாணி எல்லாம் இங்க நல்லாவே வரும். வெண்டை பாகல் பக்கம் போகவே வேணாம்.

மாடிக்காரன்_மதுரை:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்மாரே. தக்காளி ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன், முடிச்சு ஒண்ணும் இல்ல, மண்ணைக் காயப் போட்டாச்சு. பீர்க்கு, பாகல், வெண்டை, கொத்தவரை, கீரைன்னு முடிவு பண்ணிருக்கேன், ஒரு பை உளுந்தும் உண்டு. இன்னும் ஒண்ணே ஒண்ணு, எங்க மாடி மூணாவது மாடி, தேனீ எல்லாம் அவ்வளவா வராது. கொடி பிஞ்சு விட்டு மஞ்சளாகி விழுந்துடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க, அதுக்கு என்ன பண்றது?

கீரைத்தட்டு:
கையால மகரந்தம் சேத்துடுங்க சகோ, ரொம்ப ஈஸி. பூவுக்கு கீழ குட்டிப் பிஞ்சு இருந்தா அது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தா ஆண் பூ. ஆண் பூவைப் பறிச்சு இதழைக் கிழிச்சுட்டு நடுவுல இருக்கற மஞ்சள் பொடிய பெண் பூ நடுவுல மெதுவா தடவுங்க, அவ்வளவுதான். நேரம் மட்டும் முக்கியம். பாகல், வெள்ளரி, பூசணி காலைல விரியும், வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடணும். பீர்க்கு, சுரை, புடலை சாயங்காலம்தான் விரியும், காலைல போய் பாத்தீங்கன்னா பூ சுருங்கியிருக்கும், அதுக்கு நீங்க வேலை முடிஞ்சு வந்து விளக்கு வைக்கற நேரத்துல மாடி ஏறினா சரியா இருக்கும். பங்குனி பொறந்ததும் கீரைப் பைக்கு மட்டும் மேல பச்சை நெட் கட்டுங்க, கொடிக்கு வேணாம், அதுக்கு வெயில் வேணும், வேர்ல மட்டும் காஞ்ச சருகு கனமா போட்டு மூடிடுங்க.