முற்றத்தைப் பார்த்த ஜன்னல்: ஐவாசோவ்ஸ்கி கடலை அறிந்தவரா?

தூரிகை:
இவான் ஐவாசோவ்ஸ்கியைக் கடல் ஓவியர்களில் தலையாயவர் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. கிரிமியாவின் ஃபியோடோசியா துறைமுகத்தில் 1817இல் பிறந்தவர், 1900இல் அங்கேயே மறைந்தார். வீடு கடலோரத்தில்தான், ஆனால் ஓவியக்கூடத்து ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. கடலை நினைவிலிருந்தே தீட்டினார், ஏறத்தாழ 6,000 ஓவியங்கள். கை பழகிய ஓர் அலையையே திரும்பத் திரும்பத் தீட்டினார் என்றுதானே பொருள்? நிலவொளி, உடைந்த பாய்மரம், சிவந்த வானம். நான்கைப் பார்த்தால் ஐந்தாவதை ஊகித்துவிடலாம்.

நெய்தல்:
மலை நிற்கும், மரம் நிற்கும். அலை நிற்குமா? தூரிகையை வண்ணத்தில் தோய்ப்பதற்குள் அது போய்விடும். கரையில் பென்சிலால் குறிப்பெடுப்பார், வண்ணத்தை அறைக்குள் தீட்டுவார். அதை அவரே வெளிப்படையாகச் சொன்னவர். 1839இல் ருஷ்யக் கடற்படை காக்கசஸ் கரையில் படைகளை இறக்கியபோது உடன் போனவர். கடலைப் பார்க்காமல் வரைந்தார் என்பது அநியாயம்.

கப்பல்காரன்:
சரக்குக் கப்பலில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவருடைய ‘ஒன்பதாம் அலை’ (1850) ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடுத்தடுத்து வரும் அலைகளில் ஒன்பதாவதுதான் பெரியது என்ற மாலுமிகளின் நம்பிக்கையால் வந்த பெயர். உடைந்த பாய்மரத்தில் சிலர் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் அலை முகடு மடிந்து சுருள்கிறது. ஆழ்கடலில் அலை இப்படிச் சுருளாது. ஆழம் குறைந்து அடி தரையில் இழுபடும்போதுதான் தலை முந்திக்கொண்டு விழும். அது கரையோரத்து அலை. ஆனால் அந்தப் பச்சை பொய்யல்ல. காலை வெயில் முகட்டின் மெல்லிய பகுதிக்குள் நுழையும்போது தண்ணீருக்குள் விளக்கு வைத்ததுபோல் இருக்கும். மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

தூரிகை:
அப்படியானால் வடிவம் தவறு என்று நீங்களே சொல்கிறீர்கள், ஐயா. இன்னொன்று: 1844இல் கடற்படையின் ஓவியராக நியமனம் பெற்றவர். தாம் பிறப்பதற்கு 47 ஆண்டுகளுக்கு முன் நடந்த செஸ்மே போரை, ருஷ்யா ஒட்டோமான் துருக்கியரின் கடற்படையை அழித்த போரை, 1848இல் தீட்டினார். பேரரசின் வெற்றியைக் கொண்டாடிய கை அது.

நெய்தல்:
கடற்படைக்கு வரைந்தார், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆர்மீனியர். 1890களில் ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர் கொல்லப்பட்டபோது, சுல்தான் அளித்த பதக்கங்களைக் கடலில் எறிந்தார் என்பார்கள். தம் தோட்டத்து ஊற்றிலிருந்து ஃபியோடோசியாவுக்குக் குடிநீர் கொடுத்தவர். 1880இல் திறந்த ஓவியக் காட்சிக்கூடத்தை ஊருக்கே எழுதிவைத்தவர். அந்தக் கூடத்தில்தான் ‘அலைகளின் நடுவே’ இருந்தது. 1898இல், எண்பதைத் தொட்ட வயதில், நான்கு மீட்டருக்கும் மேல் அகலமான துணியில் தீட்டியது. கப்பல் இல்லை, ஆள் இல்லை, கரை இல்லை. எந்தப் பேரரசின் வெற்றியை அதில் காண்கிறீர்கள்?

கப்பல்காரன்:
அந்த ஓவியத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். இதில் முகடு எங்கும் சுருளவில்லை. நாலாபுறமிருந்தும் வரும் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதன் சரிவில் நுரை வலைபோல் கிழிந்து கிடக்கிறது. புயல் திசை மாறிய இரவுக்கு மறுநாள் கப்பல் தளத்திலிருந்து நான் பார்த்த தண்ணீர் இதுதான். 1850இல் செய்த பிழை இதில் இல்லை.

தூரிகை:
நானும் பார்த்தேன். ‘கை பழகிய அலை’ என்று சொன்னதை இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை திரும்பப் பெறுகிறேன். நிலவொளி ஓவியங்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை.