பழைய பஜேரோ: பிரேக் வோர்னிங் லைட் மங்கலா எரியுது, மாஸ்டர் சிலிண்டரா?

தெஹிவளை பஜேரோ:
வணக்கம். என்னிட்ட இருக்கிறது 94 மொடல் பஜேரோ, 4டி56 டர்போ டீசல். ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கின பிறகும் டேஷ்போர்டில சிவப்பு பிரேக் லைட் மங்கலா எரியுது. காலி வீதி டிரஃபிக்கில ஏசி, ஹெட்லைட் போட்டுக்கொண்டு நிக்கும்போதுதான் வரும்; அக்சிலேட்டரை மிதிச்சா அணைஞ்சிடும். பெட்டரி லைட்டும் லேசா மினுங்குது, இரவிலதான் கண்ணில படும். பெடல் நல்லா இருக்கு. ஒரு கராஜில மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்க பிரேக் ஒயிலைத் தள்ளுற பகுதி) மாத்தச் சொல்றாங்க. அம்மா அப்பாவை ஏத்திக்கொண்டு நுவரெலியா போக இருக்கிறன், திரும்பி வரும்போது இறம்பொடை இறக்கத்தை நினைச்சா பயமா இருக்கு.

வத்தளை டீசல்:
முதல்ல பிரேக் ஒயில் டேங்கைப் பாருங்க. பேட் தேயத் தேய ஒயில் கொஞ்சம் இறங்கும், அது வழமை. பேட் தடிப்பா இருந்தும் இறங்கியிருந்தா எங்கயோ கசியுது. பின்னுக்கு டிரம் பிரேக் எண்டா அதைக் கழட்டி வீல் சிலிண்டர் ரப்பரைப் பார்க்காம சும்மா ஊத்தி நிரப்பாதீங்க.

தெஹிவளை பஜேரோ:
ஒயில் மேல்கோட்டில நிக்குது. பிரேக் ஒயில் டேங்க் மிதவையின்ர கனெக்டரையும் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் வயரையும் கழட்டிப் பார்த்தன். அப்பவும் அதே மங்கல் வெளிச்சம்.

வெள்ளவத்தை வயரிங்:
தம்பி, மாஸ்டர் சிலிண்டருக்குக் காசைக் கொட்டாதேங்கோ. ரெண்டு லைட்டும் சேர்ந்து மங்கலா எரிஞ்சா பெட்டரிக்குச் சார்ஜ் குடுக்கிற ஓல்டர்னேட்டரைத்தான் முதல் பார்க்கவேணும். சாவியைத் திருப்பினதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை பிரேக் லைட் எரியுதெல்லோ, பல்ப் உயிரோட இருக்கெண்டு காட்ட? பழைய ஜப்பான் வண்டிகள் கனக்க அந்த வேலையை ஓல்டர்னேட்டரின்ர எல் வயராலதான் (பெட்டரி லைட்டுக்குப் போற வயர்) செய்யுதுகள். சார்ஜ் குறைஞ்சா அந்த வயரில வோல்டேஜ் விழும், ரெண்டு பல்ப்பும் அரை உயிரில எரியும். நீங்கள் ரெண்டு கனெக்டரையும் கழட்டியும் அணையேல்லை எண்டதும் இதைத்தான் காட்டுது.

ஆனா "சார்ஜ் பிரச்சினைதானே, பிரேக்குக்கு ஒண்டுமில்லை" எண்டு விட்டிடாதேங்கோ. டீசல் இன்ஜினில பெட்ரோல் வண்டி மாதிரி பிரேக் பூஸ்டருக்கு (பெடல் மிதியை லேசாக்கிறது) தேவையான வெற்றிடம் மெனிஃபோல்டில கிடைக்காது. அதுக்கு உங்கட இன்ஜினில ஓல்டர்னேட்டரின்ர முதுகிலயே வெக்யூம் பம்ப் பூட்டியிருக்கு, ஒரே தண்டிலதான் சுத்தும். சார்ஜ் நிண்டாலும் பம்ப் சுத்தும். பெல்ட் அறுந்தா ரெண்டும் போச்சு, ரெண்டு மூண்டு மிதியோட பெடல் கல்லாகிடும்.

அந்தப் பம்புக்கு இன்ஜின் ஒயில் போய்வர ஹோஸ் இருக்கு. உள்சீல் போனா ஒயில் ஓல்டர்னேட்டருக்குள்ள இறங்கி உள்ள இருக்கிற கரி பிரஷ்ஷைத் தின்னும். டோர்ச் பிடிச்சு, இன்ஜின் ஆறின பிறகு, பின்பக்கம் விரலால தடவிப் பாருங்கோ: ஒயிலும் பிரஷ் கரியும் குழைஞ்சு கறுப்பு மசியா ஒட்டினா அதுதான். மல்டிமீட்டரை பெட்டரியில வைச்சு ஐட்லிங்கில ஏசி, லைட் எல்லாம் போட்டுப் பாருங்கோ, 13.8க்கும் 14.4 வோல்ட்டுக்கும் இடையில நிண்டா நல்லம். பிறகு இன்ஜினை நிப்பாட்டி பெடலை நாலஞ்சு தரம் மிதிச்சு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கோ. பெடல் கொஞ்சம் கீழ இறங்கவேணும், இறங்காட்டி பம்பிலயோ ஹோஸிலயோ பூஸ்டரிலயோ கோளாறு.

தெஹிவளை பஜேரோ:
அண்ணா, 12.4தான் காட்டுது. பின்பக்கம் கறுப்பா ஒட்டுது. பெடல் ஸ்டார்ட்டில இறங்குது. மிச்சம் நன்றி. பஞ்சிகாவத்தை ஸ்பெயார்பார்ட்ஸ் கடைகளில ரீகண்டிஷன் ஓல்டர்னேட்டர் எடுக்கலாமா?

வெள்ளவத்தை வயரிங்:
எடுக்கலாம். பழையதைக் கழட்டிக் கையோட கொண்டுபோங்கோ. 4டி56 டெலிக்கா வேனிலயும் வந்தது, கடைக்காரர் அதுக்குரியதையும் நீட்டுவினம்; பெல்ட் ஓடுற சக்கரமும் ஹோஸ் பூட்டுற வாயும் ஒத்துப் பாருங்கோ. பம்ப் இல்லாத ஓல்டர்னேட்டரை எடுத்திடாதேங்கோ. பெல்ட்டும் அந்த ஒயில் ஹோஸும் புதுசாப் போடவேணும், இதில சிக்கனம் பார்க்க வேண்டாம்: ஹோஸ் வெடிச்சா இன்ஜின் ஒயில் முழுக்க ரோட்டில, பிறகு இன்ஜினே மிஞ்சாது.

பிரேக் ஒயில் மாத்திக் கனகாலமெண்டால் போக முன்னம் அதையும் மாத்துங்கோ. அது காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கொழும்பு ஈரத்தைச் சொல்லவே தேவையில்லை. டொட் 3 ரக பிரேக் ஒயில் புதுசில 205 பாகைக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் ஏறினா 140 அளவிலயே கொதிக்கலாம், பெடல் அப்பிடியே கீழ போயிடும். இறம்பொடையில ரெண்டாம் கியரிலயே இறங்குங்கோ, பிரேக்கில காலை வைச்சபடி வராதேங்கோ.