மறு: மறு: ‘இன்அடிக்வட்’ ஸ்மியர் முடிவுக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

ஈஸ்ட் ஹாம் எழுத்தாணி:
அன்பின் நண்பர்களுக்கு, லண்டனில் நம் பெண்களுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கருப்பைக் கழுத்து ஸ்மியர் (புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் உண்டா என்று பார்க்கச் செல்களைத் தடவி எடுப்பது) எடுத்தபின் வரும் கடிதத்தில் சில சமயம் ‘இன்அடிக்வட்’ (inadequate, போதாதது) என்றிருக்கும். செல்கள் போதிய அளவு கிடைக்கவில்லை, அல்லது இரத்தமோ அழற்சியோ மறைத்துவிட்டது. ஆய்வகத்தால் வாசிக்க முடியவில்லை. செல்கள் திரும்ப வளரவேண்டும், 3 மாதம் கழித்து வாருங்கள் என்பார்கள். அவ்வளவுதான் அர்த்தம்.

முதலில் ‘திருப்தியற்றது’ என்று போட்டேன். வாசித்துக் காட்டியபோது ஒரு அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்: “என்னில என்ன பிள்ளை திருப்தி இல்லையாம்?” அந்த இடத்திலேயே வெட்டிவிட்டேன்.

ஒற்றெழுத்து, கும்பகோணம்:
‘போதா மாதிரி’ எனலாம். ‘ஓடாக் குதிரை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வருமொழி மகரம், வல்லினம் மிகாது, சந்திப்பிழைக்கும் இடமில்லை.

மதுரை செவிலி:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் எங்கள் வார்டில் யார் வாசித்தாலும் ‘போதாத மாதிரி இருக்கு’ என்றுதான் காதில் விழும். “போதாத மாதிரின்னா போதுமா, போதாதா?” என்று கேட்பார்கள். இங்கே பெரும்பாலும் வி.ஐ.ஏ. தான் செய்கிறோம். அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகிறதா என்று கண்ணாலேயே பார்ப்பது. முடிவு அப்போதே தெரிந்துவிடும். அதிலும் மாதவிடாய் நின்ற சிலருக்குப் பார்க்கவேண்டிய இடம் உள்ளே போயிருக்கும். நான் “சரியாத் தெரியலைம்மா” என்பேன். அதற்கு மேல் சொல் தேடியதில்லை.

அப்புறம், இங்கே அது கருப்பை வாய். ஒரே உறுப்பு, ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் வாய், அந்தப் பக்கம் கழுத்து!

வேர்ச்சொல்லன்:
> போதா மாதிரி

மாதிரியே தமிழில்லை என்பது என் கட்சி. நம்மிடம் இருப்பது மாதிரம்; அது திசை. இதற்கு நம் பழமொழியே சொல் வைத்திருக்கிறது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆய்வுக்கு எடுப்பது பதம். ஆகவே ‘பதக்குறை’. பதம், பதன், பதனம், பதப்படுதல் என்று குடும்பமே இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஒற்றெழுத்து:
பதமும் வடமொழியில் உண்டே?

வேர்ச்சொல்லன்:
சொல் என்ற பொருளில் வரும் பதம் வேறு, சோற்றுப் பதம் வேறு. இதை இந்தக் குழுவில் எத்தனை முறை எழுதுவது?

மதுரை செவிலி:
பதக்குறை என்றால் எனக்கு அதிரசப் பாகுதான் ஞாபகம் வருகிறது. மன்னிக்கவும்.

சிங்கப்பூர்த் தம்பி:
‘தெளிவற்ற முடிவு’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

கோவை ஆய்வகம்:
தம்பி, புரியும். தப்பாகப் புரியும், அதுதான் சிக்கல். நான் நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருப்பவள். போதாதது ஒன்று, பார்த்தும் விளங்காதது இன்னொன்று. ஸ்மியர் முடிவுகளை எழுத 1988இல் வந்த பெத்தெஸ்டா முறையிலேயே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். இரண்டாவதில் செல்கள் நன்றாகவே தெரியும். சற்று மாறியிருக்கும், ஆனால் அந்த மாற்றம் எதைக் காட்டுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தொல்காப்பிய உரைகாரர்களின் ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’ இதற்குத்தான் பொருந்தும். அந்தியில் தெரிவது கட்டையா, ஆளா என்பது ஐயம். விளக்கே ஏற்றாத அறையில் ஐயப்பட உருவமே இல்லை. போதாத ஸ்மியர் அந்த அறை. விளங்காததற்கு ‘ஐயச்செல்’ என்பேன். போதாததற்கு ‘தெளிவற்ற’ கூடாது, ஏதோ கண்டுபிடித்து மறைக்கிறார்கள் என்று பயப்படுவார்கள்.

ஒற்றெழுத்து:
ஆகா! சொல்லதிகாரத்தை நுண்ணோக்கியில் வைத்துவிட்டீர்களே அம்மா. ஆனால் ‘ஐயச்செல்’லில் ‘செல்’ போகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ‘ஐயக்கலம்’?

கோவை ஆய்வகம்:
கலம் என்றால் பாத்திரம் எடுத்து வருவார்கள் ஐயா.

ஈஸ்ட் ஹாம் எழுத்தாணி:
இலங்கையில் கலம் பாடப்புத்தகச் சொல்தான், எங்களுக்குப் பாத்திரம் வராது. ஆனால் கோவை அக்கா சொன்னதில் என் பிரசுரத்தின் ஓட்டை தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் இப்போது முதலில், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இருந்தால்தான் செல்களைப் பார்ப்பார்கள். வைரஸ் இருந்து செல்கள் சரியாக இருந்தால் ஒரு வருடத்தில் திரும்ப அழைப்பார்கள். போதாததற்கோ 3 மாதம். இரண்டுக்கும் நான் ‘மீள்பரிசோதனை’ என்றே போட்டிருந்தேன்! 3 மாதக் கடிதம் வந்தவர், தனக்கு வைரஸ் என்று அழுதுகொண்டிருப்பார். அடுத்தடுத்து இரண்டு முறை போதாவிட்டால் கொல்போஸ்கோப்பிக்கு (கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிக் கருவியால் நேரே பார்ப்பது) அனுப்புவார்கள், அதற்கும் ஒரு வரி வேண்டும்.

மதுரை செவிலி:
அக்கா, பெயர்ச்சொல்லே வேண்டாம். வினையாக விடுங்கள். “எடுத்த செல்கள் போதவில்லை. இது நோய் இருக்கிறது என்றும் அல்ல, இல்லை என்றும் அல்ல. 3 மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும்.” இதில் என்ன குறை?

வேர்ச்சொல்லன்:
கலைச்சொல் இல்லை என்பதே குறை. கடிதத்துக்குக் கடிதம் வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தால் அகராதியில் எதைச் சேர்ப்பது?

சிங்கப்பூர்த் தம்பி:
மதுரைக்கு என் ஓட்டு.

ஒற்றெழுத்து:
எனக்கும் சம்மதமே. ‘போதா மாதிரி’யைத் திரும்பப் பெறுகிறேன், மனமில்லாமல்.

ஈஸ்ட் ஹாம் எழுத்தாணி:
மதுரை வாக்கியமே அச்சுக்குப் போயிற்று. தலைப்பு ‘செல்கள் போதவில்லை’. இரத்தம் மறைத்ததையும் அதற்குள்ளேயே அடக்கிவிட்டேன், கோவை அக்கா பொறுக்கவும். நேற்று அதே அம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, “அப்ப இன்னொருக்கா போகோணும், அவ்வளவுதானே?” என்றார். இந்த முறை தாளை மடிக்கவில்லை.

வேர்ச்சொல்லன்:
அச்சேறிவிட்டது என்று தெரியும். இருந்தாலும் பதம் பற்றி நேற்று விட்ட இடத்திலிருந்து…