புதுப்பிப்பு: வரவேற்பு மின்னஞ்சல் இரண்டு முறை சென்ற சிக்கல் தீர்ந்தது

வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் ஒரு லீடின் (வாடிக்கையாளராக வாய்ப்புள்ள ஒருவரின்) நிலை ‘தகுதி பெற்றது’ என்று மாறியதும் வரவேற்பு மின்னஞ்சல் தானாகச் செல்லும்படி அமைத்திருந்தும், சிலருக்கு அது இரண்டு, மூன்று முறை போய்விடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. லீடின் பதிவு திருத்தப்படும்போதெல்லாம் ஆட்டோமேஷன் (மின்னஞ்சலைத் தானாக அனுப்பும் அமைப்பு) ஓடும்படி வைத்துவிட்டு, நிபந்தனையில் நிலையின் தற்போதைய மதிப்பை மட்டுமே சோதித்திருந்தேன். ஆகவே, மறுநாள் ஒருவர் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்திச் சேமித்தபோதும், நிலை ‘தகுதி பெற்றது’ என்றே இருந்ததால், மின்னஞ்சல் மீண்டும் கிளம்பிவிட்டது. ஆட்டோமேஷன் எப்போதெல்லாம் ஓடியது என்று காட்டும் இயக்கப் பதிவையும் லீடின் திருத்த வரலாற்றையும் அருகருகே வைத்து நேரத்தை ஒப்பிட்டபோதுதான் இது பிடிபட்டது.

முந்தைய மதிப்பு வேறாக இருந்து இந்த மதிப்புக்கு மாறினால் மட்டும் ஓடும்படி இப்போது நிபந்தனையை மாற்றிவிட்டேன். ஆனால் நிலையைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு என்பதால், ‘வரவேற்பு அனுப்பிய தேதி’ என்றொரு புலத்தை (தகவல் கட்டத்தை) லீடின் பதிவில் சேர்த்து, அது காலியாக இருந்தால்தான் அனுப்ப வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன். என் கருத்தில் இந்த இரண்டாவது காப்புதான் முக்கியமானது. அந்தத் தேதியை ஆட்டோமேஷனே எழுதுவதும் ஒரு திருத்தம்தான். நிபந்தனை தளர்வாக இருந்தால் ஆட்டோமேஷன் தன்னைத் தானே மறுபடியும் எழுப்பிக்கொள்ளும். பழைய பதிவுகளை மொத்தமாக ஏற்றும்போது அவர்களுக்கும் வரவேற்பு போய்விடாதபடி ஆட்டோமேஷனை நிறுத்திவைக்கிறேன்.