கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள்: ஆடியிலேயே எதைத் தொடங்குவது?

ராயபுரத்து மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் பாவிய தளம்) வீடு ஒன்றின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு, அவ்வளவுதான் இடம். இந்த ஆண்டு அரையாண்டு விடுமுறைக்கு என் நாத்தனார் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து வந்து, புத்தாண்டு ஆராதனை முடியும்வரை எங்களோடு தங்கப்போகிறது. அவர்களோடு வரும் என் மாமியாருக்கு மூட்டுவலி இருப்பதால் தரையில் படுக்க இயலாது. டிசம்பர் மாதச் சம்பளம் ஒன்றே எல்லாச் செலவையும் தாங்காது என்பதால், இப்போதிருந்தே மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய நினைக்கிறேன். பெரிய ஐயம் சுவரைப் பற்றியது. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. மழைக்கு முன் அடித்தால் வீணாகிவிடும், மழை விட்டதும் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் என் கணவர். அது சரியா? வேறு எதையெல்லாம் முன்கூட்டியே முடிக்கலாம்?

வண்ணாரப்பேட்டை அம்மா:

மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மகளே. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பரிலும் நீள்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை தெருக்களில் தண்ணீர் நின்றது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி ஒரு மழைக்குப் பின் நனைந்த சுவர் கிறிஸ்துமஸுக்குள் காய்வது கடினம். ஈரச் சுவரில் அடிக்கும் பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடும். ஆகையால் சுவர் வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

ஓதம் ஏறும் பழைய சுவருக்குப் பிளாஸ்டிக் பெயிண்டைவிடச் சுண்ணாம்பே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பிளாஸ்டிக் பெயிண்ட் சுவரை மூடி ஈரத்தை உள்ளேயே அடக்கிவிடுகிறது. சுண்ணாம்பு அந்த ஈரம் வெளியேற வழி விடுகிறது, விலையும் மிகக் குறைவு. முதலில் உதிரும் பூச்சைச் சுரண்டி, பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, குப்பையோடு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே இறங்கும். பிறகு சுவரில் இலேசாகத் தண்ணீர் தெளித்து, வடிகட்டிய சுண்ணாம்பில் சில சொட்டு நீலம் கலந்து, நீர்க்க இரண்டு மூன்று முறை அடியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது என்பதால், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே ஒரு நாளாவது விட வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். இதனால் ஓதம் நின்றுவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் கறை தெரியும் இடத்தில் மட்டும் மீதிச் சுண்ணாம்பை ஒரு கை தொட்டு அடித்தால் போதும்.

மொட்டை மாடியில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்குவதும், மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்வதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவரிடம் இப்போதே மரியாதையாகப் பேசி, சுண்ணாம்புச் செலவிலும் பாதியை ஏற்பாரா என்று கேளுங்கள். அதை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்வது எளிது.

தண்டையார்பேட்டை அண்ணன்:

படுக்கையைப் பற்றி நான் சொல்கிறேன், தங்கச்சி. போர்வைகளையும் தலையணை உறைகளையும் ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைச் சாலையான எம்.சி. ரோட்டில் வாங்கிவிடுங்கள்; தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தச் சாலையில் நின்று நிதானமாகப் பேரம் பேச முடியாது. இருக்கும் பஞ்சுத் தலையணைகளை வெயில் உள்ளபோதே மாடியில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியபின் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, பரணில் போட்டுவிடுங்கள். கடற்காற்றில் திறந்து கிடக்கும் பஞ்சு கார்த்திகைக்குள் புழுங்கல் வாடை அடிக்கும். மாமியாருக்காகப் புதுக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பாயில் படுக்கலாம். அது போதாவிட்டால் வாடகைப் பாத்திரக் கடைகளில் விசாரியுங்கள். சில இடங்களில் மடக்குக் கட்டிலும் கிடைக்கும்.

விருந்தினரின் ரயில் பயணத்தையும் நினைவுபடுத்துங்கள். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாளாகிவிட்டது. டிசம்பர் 23 அன்று முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமானால் அக்டோபர் 24 காலையிலேயே பதிவு செய்ய வேண்டும்; திரும்பும் பயணத்துக்கும் அதே கணக்குத்தான்.

ராயபுரத்து மருமகள்:

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. சுண்ணாம்பு என்றே முடிவு செய்துவிட்டோம். எங்கள் தெருவில் பலகாரச் சீட்டு ஒன்று நடக்கிறது. மாதந்தோறும் கட்டினால் டிசம்பரில் மாவு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

பெரம்பூர் டீச்சர்:

பதிவு செய்யப்படாத சீட்டில் சேராதீர்கள். நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பணம் வராமல் போனால் கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பண்டிகை வாரத்தில் அந்த ஏமாற்றத்தைத் தாங்கவே முடியாது. அதே தொகையைத் தனியே எடுத்துவைத்து, கேக்குக்கான திராட்சை, முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி ஆகியவற்றைச் சௌகார்பேட்டையில் விலை விசாரித்துத் தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பே வாங்குங்கள். முந்திரியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிஜ்ஜில் வைத்தால் சிக்குவாடை பிடிக்காது. மைதாவையும் ரவையையும் மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம். மழைக்காலத்தில் வண்டு விழும். ரோஸ் குக்கியும் கல்கலாவும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சுட்டால் போதும், நாத்தனார் வந்த பிறகும் நமுத்துப்போகாமல் இருக்கும்.

ஆட்கள் கூடுவதால் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைப்பீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்; முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டி, வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். புது டிரம் வாங்குவதாக இருந்தால் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.